சாக்பீஸ் கோட்டில் குதிக்கிற கணக்கு: சின்னப் பிள்ளைகளின் வகுப்பறைக்குள் உடலசைவு பற்றிப் பேசலாமா?

#1 வாய்க்கால்கரை டீச்சர், கோபி பக்கம்

வணக்கமுங்க. ஈரோடு மாவட்டம் கோபிக்குப் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். ஒன்று, இரண்டு, மூன்று வகுப்புகள் மூன்றும் ஒரே அறையில் என் பொறுப்பு. 26 பிள்ளைகள். பத்தொன்பது வருஷ சர்வீஸ் ஆகிவிட்டது. போன மாதம் நடந்ததைச் சொல்லிவிட்டு உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும்.

இரண்டாம் வகுப்பில் ஒரு பையன். கெட்டிக்காரன், ஆனால் கூட்டல் போட்டால் விடை எப்போதும் ஒன்று குறையும். 7ம் 5ம் 11 என்பான். 6ம் 3ம் 8 என்பான். சிலேட்டில் திரும்பத் திரும்ப எழுத வைத்தேன். விரல் மடக்கி எண்ணச் சொன்னால் ஒழுங்காக ஐந்து விரலையும் மடக்குவான், விடை மட்டும் அதே 11. கவனக்குறைவு என்று நினைத்து ஒரு தடவை சத்தமும் போட்டுவிட்டேன்.

ஒரு நாள் மதியம் சத்துணவு முடிந்து எல்லோரும் சொக்கிப்போய் உட்கார்ந்திருந்தார்கள். இதற்கு மேல் உட்கார வைத்துப் பாடம் நடத்துவதில் அர்த்தமில்லை என்று பாயைச் சுருட்டி ஓரம் வைத்தேன். தரையில் சாக்பீஸால் ஒரு நீளக் கோடு, அதில் 0 முதல் 20 வரை கட்டங்கள். ஒரு கட்டம் ஒரு பிள்ளை எட்டி வைக்கிற தூரம். 'ஆளுக்கு ஒரு கணக்கு, காலால போட்டுக் காட்டுங்க' என்றேன்.

இவன் முறை வந்தது. 7இல் போய் நின்றான். நின்ற இடத்திலேயே காலைத் தட்டி 'ஒண்ணு' என்றான். அப்புறம் 8க்குத் தாவி 'ரெண்டு', 9இல் 'மூணு', 10இல் 'நாலு', 11இல் 'அஞ்சு'. நிமிர்ந்து என்னைப் பார்த்தான். எனக்கு அப்போதுதான் விளங்கியது. நின்றுகொண்டிருந்த கட்டத்தையே அவன் ஒன்றாக எண்ணிக்கொண்டிருந்தான். விரல் மடக்கும்போதும் முதல் விரலுக்கு ஏழு என்று சொல்லித்தான் தொடங்கியிருக்கிறான். இத்தனை நாள் அது என் கண்ணில் படவில்லை.

'கண்ணு, நீ இன்னும் குதிக்கவே இல்லையே, அதுக்குள்ள எப்படி ஒண்ணு ஆச்சு?' என்று கேட்டேன். தன் காலையே கொஞ்ச நேரம் பார்த்தான். 'குதிச்சாத்தான் ஒண்ணுங்களா டீச்சர்?' என்று கேட்டான். திரும்பப் போய் 7இல் நின்றான். ஐந்து தடவை குதித்தான். 12.

அன்றையிலிருந்து தினமும் ஒரு கால் மணி நேரமாவது பிள்ளைகளை எழுப்பி நிறுத்தித்தான் பாடம் நடத்துகிறேன். வகுப்பு கலகலவென்று இருக்கிறது. ஆனால் கேட்டருகே நின்று பார்த்த சில வீட்டுக்காரர்களுக்குச் சங்கடம். 'படிக்க அனுப்பிச்சா டீச்சர் குதிக்க வெக்கறாங்க' என்று பேச்சு. அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களுக்கு எப்படிச் சொல்லிப் புரிய வைப்பது? நம் பக்கத்துப் பள்ளிகளில் வேறு யாராவது இப்படிச் செய்கிறீர்களா?

#2 பல்லடம் ரோட்டுக்காரன், திருப்பூர்

டீச்சர், அந்த வீட்டுக்காரர்களில் ஒருவனாக என்னை நினைத்துக்கொள்ளுங்கள். மனதில் இருப்பதைச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எனக்குப் பனியன் கம்பெனியில் வேலை. வீட்டுக்காரியும் போகிறாள். பையன் மெட்ரிக் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. பீஸ் கட்டுவதற்கு ஓவர்டைம் பார்க்கிறோம். நானும் அவளும் பத்தாவதைத் தாண்டவில்லை. வீட்டில் அவனுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. அதனால் பள்ளியில் இருக்கிற அத்தனை நிமிஷமும் படிப்புக்கே போக வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றும். குதிக்கிறதெல்லாம் சாயங்காலம் வந்து குதித்துக்கொள்ளட்டும்.

உங்கள் கணக்குக் கதை நன்றாக இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது ஒரு பையனுக்கு ஒரு நாள் நடந்தது. தினமும் கால் மணி நேரம் என்றால் வாரத்துக்கு ஒன்றேகால் மணி நேரம் போகிறதே. இதனால் படிப்பு கூடும் என்பதற்கு ஏதாவது நிரூபணம் இருக்கிறதா?

#3 நூலகத்து மேசை, கோவை

பல்லடம் ரோட்டு அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி. குழந்தைகளின் உடல்நலம் சம்பந்தமாகப் படித்துக்கொண்டிருப்பவள் என்பதால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அளவு. 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்குகிற அளவு உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் சொல்கிறது. எலும்பும் தசையும் உறுதிப்பட வாரத்தில் மூன்று நாளாவது குதித்தல், ஏறுதல் போன்றவை அதில் சேர வேண்டும். வாரத்துக்கு இரண்டு பி.டி. பீரியட் மட்டும் வைத்துக்கொண்டு அந்தக் கணக்கை எட்ட முடியாது.

படிப்பு கூடுமா என்றால், ஊதிப் பெருக்காமல் சொல்கிறேன். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் பாடத்தையே அசைவோடு சேர்த்து நடத்துகிற மாதிரி மூன்று வருஷம் சோதித்துப் பார்த்தார்கள். வாரத்துக்கு 90 நிமிடம் என்பது இலக்கு. முடிவு 2009இல் வந்தது. மொத்தமாகப் பார்த்தால் பிள்ளைகளின் உடல் எடை விகிதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் வாரம் 75 நிமிடத்துக்கு மேல் உண்மையிலேயே செய்த பள்ளிகளில் எடை ஏறுவது மட்டுப்பட்டிருந்தது. அதே அணி பிறகு தேர்வு மதிப்பெண்ணை முக்கியமாகக் குறிவைத்து இன்னொரு மூன்று வருஷ ஆய்வு நடத்தி 2017இல் வெளியிட்டது. அதில் மதிப்பெண் கூடவில்லை. குறையவும் இல்லை. அண்ணனின் பயத்துக்கு அந்த இரண்டாவது வார்த்தைதான் பதில். எழுந்து நின்று படித்ததால் பிள்ளைகள் எதையும் இழக்கவில்லை.

கவனம் என்று வரும்போது செய்தி இன்னும் நன்றாக இருக்கிறது. வட கரோலினாவில் சின்ன வகுப்புகளில் தினம் பத்து நிமிட வகுப்பறை அசைவு வைத்துப் பார்த்த ஆய்வு 2006இல் வந்தது. அசைந்து முடித்த பிறகு பாடத்தில் ஊன்றியிருப்பது கூடியது. அதிலும் யார் எப்போதும் நெளிந்துகொண்டே இருந்தார்களோ அவர்களிடம்தான் அதிகமாகக் கூடியது. நாம் வழக்கமாக முதலில் அதட்டி உட்கார வைக்கிற பிள்ளைகள் அவர்கள்தானே.

#4 கொடிவேரி, ஈரோடு

பின்லாந்து பள்ளிகளில் 45 நிமிடப் பாடம் முடிந்தால் 15 நிமிட இடைவேளை என்பது வழக்கம் என்று படித்திருக்கிறேன். ஸ்காட்லாந்தில் ஸ்டிர்லிங் ஊர்த் தொடக்கப் பள்ளி ஒன்றில் 2012இல் தொடங்கியது இன்னும் எளிது. தினம் 15 நிமிடம், போட்ட உடுப்போடு, பள்ளியைச் சுற்றி ஓட்டமோ நடையோ. பந்தயம் கிடையாது. அது பல நாடுகளுக்குப் பரவிவிட்டது. நம்மூரில் நிழலான வேப்பமரச் சுற்று உள்ள எந்தப் பள்ளியும் இதை நாளைக்கே தொடங்கலாம்.

#5 நாற்பத்தி நாலு பேர், திருப்பூர்

எனக்குப் பொறாமையாக இருக்கிறது டீச்சர். உங்களுக்குப் பாயைச் சுருட்டினால் இடம் வந்துவிடுகிறது. நான் ஒரு தனியார் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு எடுக்கிறேன். 44 பிள்ளைகள். பெஞ்சும் டெஸ்க்கும் ஒரே இரும்புச் சட்டத்தில் பற்றவைத்தது, நகர்த்த இரண்டு ஆள் வேண்டும். இரண்டு வரிசைக்கு நடுவில் நான் ஒருக்களித்துத்தான் போக முடியும். பை வைக்க இடமில்லாமல் காலடியிலேயே வைத்திருப்பார்கள். இதில் குதித்தால் யாராவது மூக்கை உடைத்துக்கொள்வார்கள். பக்கத்து வகுப்புக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்புதான். கொஞ்சம் சத்தம் கேட்டால் மேடம் வந்து எட்டிப் பார்ப்பார்கள்.

ஆனால் பதினொரு மணிக்கு மேல் அந்தப் பிள்ளைகள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. டெஸ்க்கில் தலை சாய்ப்பார்கள், பென்சிலைக் கடிப்பார்கள், பாத்ரூம் போக வேண்டும் என்று ஒவ்வொருவராக வருவார்கள். முக்கால்வாசிப் பேர் போவது பாத்ரூமுக்காக அல்ல, நடப்பதற்காக என்று எனக்குத் தெரியும். என்ன செய்யட்டும்?

#6 வாய்க்கால்கரை டீச்சர், கோபி பக்கம்

அம்மணி, அந்தப் பாத்ரூம் விஷயம் முழுக்க உண்மை. அதைப் படித்தபோது எனக்குச் சங்கடமாகிவிட்டது.

எங்களுக்குப் பாய் வந்ததே ஒரு கதை. செயல்வழிக் கற்றல் 2007இல் மாநிலம் முழுக்க வந்தபோது பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்து அட்டை எடுத்துப் படிக்கிற மாதிரி வகுப்பறை மாறியது. 'பெஞ்ச் கூட இல்லாத பள்ளிக்கூடம்' என்று பிள்ளைகளைக் கூட்டிப்போய் வேறு பள்ளியில் சேர்த்தவர்கள் உண்டு. இன்றைக்கு அந்த வெறும் தரைதான் எங்கள் சொத்து. 2022இல் அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்த பிறகு ஆடல் பாடலும் பாடத்திலேயே சேர்ந்துவிட்டது, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

உங்கள் அறைக்கு வருவோம். காலை நகர்த்தாமலே உடம்பை நகர்த்தலாம். நான் குறில் நெடில் நடத்துவதைச் சொல்கிறேன். எல்லோரும் இருந்த இடத்தில் எழுந்து நிற்க வேண்டும். குறில் சொன்னால் ஒரு தட்டு, கையை உடனே இறக்கிவிட வேண்டும். நெடில் சொன்னால் ஒரு தட்டு தட்டி, ஓசை நிற்கும் வரை இரண்டு கையையும் மெதுவாகத் தலைக்கு மேல் விரிக்க வேண்டும். மெய் எழுத்துக்குக் கைதட்டல் இல்லை, விரல் நொடிப்பு மட்டும். 'பல்' என்றால் தட்டு, நொடிப்பு. 'பால்' என்றால் தட்டி விரித்து, நொடிப்பு. 'படம்', 'பாடம்' இரண்டையும் அடுத்தடுத்துச் சொன்னால் அறை முழுக்கக் கைகள் எழும்பித் தாழ்வதைப் பார்க்க வேண்டும். நம் இலக்கணமே மாத்திரையைக் கண் இமைக்கிற நேரம், கை நொடிக்கிற நேரம் என்றுதான் அளந்து வைத்திருக்கிறது. நாம்தான் அதைச் சிலேட்டில் எழுத மட்டும் வைத்தோம்.

இதில் எனக்கு இன்னொரு லாபம். யாருக்கு நெடில் காதில் ஏறவில்லை என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். கை பாதியில் நிற்கும். நோட்டைத் திருத்தி அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆகியிருக்கும்.

சத்தத்துக்கு ஒரு வழி. கைதட்டலுக்குப் பதில் இரண்டு விரலால் உள்ளங்கையில் தட்டச் சொல்லுங்கள். மழைத் தூறல் மாதிரி ஓசை வரும், பிளைவுட்டைத் தாண்டாது. காற்றில் 'ழ' எழுதுவதையும் முழங்கையை மடக்காமல் தோளிலிருந்து எழுதச் சொல்லுங்கள். சத்தமே கிடையாது, ஆனால் பத்து தடவை எழுதினால் தோள் வலிக்கும்.

தொடங்குவது சுலபம், நிறுத்துவதுதான் கஷ்டம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் வாரம் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. இப்போது 'சிலை' என்று ஒரு தடவை மெதுவாகச் சொல்வேன். எந்தக் கோலத்தில் இருக்கிறார்களோ அதே கோலத்தில் உறைந்துவிட வேண்டும். மூச்சு மட்டும் விடலாம். ஐந்து வரை எண்ணிவிட்டு உட்காரச் சொல்வேன். இதை மட்டும் முதல் மூன்று நாள் பழக்குங்கள். பாடத்தை நாலாம் நாள் சேர்த்துக்கொள்ளலாம்.

#7 விசிலும் மண்ணும், உடுமலை

உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். டீச்சர் சொல்வதெல்லாம் நல்லது. ஆனால் எனக்கு ஒரு பயம், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

வகுப்பறைக்குள்ளேயே அசைவு வந்துவிட்டது என்று பி.டி. பீரியடைப் பிடுங்கிக் கணக்குக்குக் கொடுத்துவிடுவார்கள். ஏற்கெனவே பரீட்சை நெருங்கினால் முதலில் காணாமல் போவது அந்தப் பீரியட்தான். என் சர்வீஸில் எத்தனை தடவை 'சார், இன்னைக்கு மட்டும்' என்று கேட்டு வாங்கியிருக்கிறார்கள். அந்த 'இன்னைக்கு மட்டும்' ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை நீளும். கைதட்டி எழுத்துப் படிப்பது படிப்புக்கு. மைதானத்தில் மூச்சிரைக்க ஓடுவது உடம்புக்கு. ஒன்றைக் காட்டி இன்னொன்றை வெட்டக் கூடாது.

அதே மாதிரி எங்கள் ஆட்கள் பக்கத்துக் குறையையும் சொல்கிறேன். நாற்பது பிள்ளைகளுக்கு ஒரு பந்தைக் கொடுத்துவிட்டு நிழலில் நின்றால், கெட்டிக்காரப் பையன்கள் ஆறு பேர் விளையாடுவார்கள், மீதிப் பேர் ஓரமாக நின்று பேசுவார்கள். பெண் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே ஓரத்துக்குப் போய்விடுவார்கள். சின்ன வகுப்புக்கு அது விளையாட்டே கிடையாது. குலை குலையா முந்திரிக்காய், கல்லா மண்ணா, நொண்டி மாதிரி ஆட்டத்தில்தான் அத்தனை பேரும் ஓடுவார்கள்.

தண்டனையாக ஓட விடுவதை எல்லோரும் நிறுத்த வேண்டும். வீட்டுப்பாடம் எழுதவில்லை, கிரவுண்டை மூன்று சுற்று ஓடு. பேசினாயா, தோப்புக்கரணம் போடு. இப்படிச் செய்தால் அந்தப் பிள்ளைக்கு ஓடுவதே அவமானம் என்று மனதில் பதிந்துவிடும். நானும் ஆரம்ப காலத்தில் அதைச் செய்திருக்கிறேன். பெரிய தப்பு. விளையாட்டு பீரியடை நிறுத்தி வைப்பதும் தண்டனையாக இருக்கக் கூடாது.

வகுப்புக்குள் குதிக்க வைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். சாப்பிட்டவுடன் குதிக்க விடாதீர்கள், அரை மணி நேரம் போகட்டும். அதுவரை நின்றபடி கை அசைவு போதும். டைல்ஸ் தரையில் சாக்ஸோடு ஒரு பிள்ளையையும் விடாதீர்கள், வெறுங்கால்தான் பிடிக்கும். தரையில் இறங்கும்போது முழங்கால் மடங்க வேண்டும். 'பூனை மாதிரி இறங்கு, சத்தம் வரக் கூடாது' என்று சொன்னால் சின்னப் பிள்ளைக்கு உடனே புரியும். இளைப்பு இருக்கிற பிள்ளை யார் என்று முன்கூட்டியே வீட்டில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று எங்கள் பக்கத்துச் சமாச்சாரம். ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று மண்ணை வாரிக் கண்ணில் போடும். காற்றாலை சுற்றுகிற ஊர்களில் பள்ளி நடத்துகிறவர்களுக்குத் தெரியும், அந்த மாதங்களில் மைதானத்தில் நிற்கவே முடியாது. பங்குனி சித்திரையில் பத்து மணிக்கு மேல் வெயில் நிற்க விடாது. அந்த நாட்களில் 'கிரவுண்ட் இல்லை, உட்கார்ந்து படி' என்று சொல்லாமல் டீச்சர் சொல்கிற வழியைப் பிடித்துக்கொள்ளலாம்.

#8 அம்பராம்பாளையம் அம்மா, பொள்ளாச்சி

என் மகளுக்கு ஒரு காலில் கேலிப்பர், நடக்கத் தாங்குகிற கருவி. மூன்றாம் வகுப்பு. இந்தப் பேச்சு தொடங்கியதிலிருந்து படித்துக்கொண்டு வருகிறேன், எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன்.

பி.டி. பீரியடில் அவளை மரத்தடியில் உட்கார வைப்பார்கள். எல்லோருடைய தண்ணீர் பாட்டிலையும் அவள் பார்த்துக்கொள்வாள். வேண்டுமென்று செய்வதில்லை, விழுந்துவிடுவாள் என்ற பயம்தான். அப்புறம் ஒரு நல்ல டீச்சர் வந்து அவளை நடுவராக்கினார்கள். அவளுக்கு ஒரே சந்தோஷம். ஆனால் மூன்று மாதம் கழித்து ஒரு நாள் ராத்திரி கேட்டாள், 'அம்மா, நான் எப்பவுமே எண்ணிட்டேதான் இருக்கணுமா?'

வகுப்பறைக்குள்ளேயும் குதிக்கிற ஆட்டம் வந்தால் அங்கேயும் அவள் ஓரத்துக்குப் போய்விடுவாளோ என்று இருக்கிறது. அதனால் கேட்கிறேன் டீச்சர், உங்கள் கோட்டில் என் மகள் எப்படிக் கணக்குப் போடுவாள்?

#9 வாய்க்கால்கரை டீச்சர், கோபி பக்கம்

அம்மா, இதை நான் யோசிக்கவே இல்லை. என் 26 பேரில் அப்படி யாரும் இல்லை என்பதால் விட்டுப்போய்விட்டது. இன்றைக்கு முழுக்க இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதல் விஷயம், கோட்டில் குதித்துத்தான் ஆக வேண்டும் என்று எதுவும் இல்லை. கணக்கு நடப்பது கட்டம் மாறுவதில்தான். அவள் நடந்து மாறட்டும், ஊன்றுகோல் வைத்து மாறட்டும். ஆனால் அவள் மட்டும் நடந்தால் மற்றவர்கள் அவளையே பார்ப்பார்கள். அதனால் எல்லோருக்கும் நடை மாற வேண்டும். நாளைக்கு நான் சீட்டு எழுதி டப்பாவில் போடப்போகிறேன். யானை நடை, பின்னால் நடை, தரையில் உட்கார்ந்து கையூன்றி நகர்வது, கண்ணை மூடி நண்பன் கையைப் பிடித்து நடப்பது. ஒவ்வொருவரும் ஒரு சீட்டை எடுத்து அதன்படிதான் கோட்டைக் கடக்க வேண்டும். உட்கார்ந்து கையூன்றி நகர்வதில் உங்கள் மகள் எல்லோரையும் முந்திவிடுவாள் என்று நினைக்கிறேன். அவளிடமே கேளுங்கள், இன்னும் நாலு நடை அவள் சொல்வாள். சொல்வதை இங்கே எழுதுங்கள், நான் சீட்டில் சேர்த்துக்கொள்கிறேன்.

#10 விசிலும் மண்ணும், உடுமலை

அம்மா, முப்பது வருஷத்துக்கு மேல் நானும் பாட்டிலைப் பார்த்துக்கொள்ளச் சொன்னவன்தான். உங்கள் மகள் கேட்டதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பந்தைத் தரையில் உட்கார்ந்து உருட்டுகிற ஆட்டம் கைக்கு நல்ல வேலை கொடுக்கும். வகுப்பு முழுக்க உட்கார்ந்து ஆடச் சொல்லிக் கேளுங்கள். அவளுக்காக என்று சொல்ல வேண்டாம், அது எல்லோருக்குமே நல்ல ஆட்டம்.

#11 அவிநாசி ரோட்டுப் பள்ளி, திருப்பூர்

எங்கள் அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் பாதிப் பேர் பீகார், ஒடிசாவிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகள். ஜூன் மாதம் வரும்போது ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. கம்பெனி லைன் வீடுகளிலிருந்து வருகிறார்கள். முதல் ஒரு மாதம் வாயைத் திறக்கவே மாட்டார்கள்.

ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960களிலேயே இதற்கு ஒரு வழி சொன்னார். புது மொழியைக் கட்டளையாகச் சொல்ல வேண்டும், கற்பவர் உடம்பால் பதில் சொல்ல வேண்டும், வாயால் பேசச் சொல்லி அவசரப்படுத்தக் கூடாது. தாயும் குழந்தையும் பழகுகிற முறை அதுதான். நான் அதைத்தான் செய்கிறேன். 'எழு', 'உட்கார்', 'கதவைத் தொடு', 'சன்னல் பக்கம் போ', 'மெதுவா வா', 'தண்ணி குடிக்கிற மாதிரி செய்'. முதலில் நானும் அவர்களோடு சேர்ந்து செய்வேன். அப்புறம் நான் நின்றுவிடுவேன், அவர்கள் மட்டும் செய்ய வேண்டும்.

பீகார்ப் பாப்பா ஒருத்தி ஐந்து வாரம் ஒரு சத்தம் கூடப் போடவில்லை. ஆனால் 'சிவப்பு வளையல் போட்டவங்க குதிங்க' என்றால் சரியாகத் தன் கையைப் பார்த்துவிட்டுக் குதிப்பாள். ஆறாவது வாரம், நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது நேரே வந்து நின்று, விரலை நீட்டி, 'டீச்சர் எழு. குதி' என்றாள். அவள் பேசிய முதல் தமிழ் அது. நான் எழுந்து குதித்தேன். எனக்கு 51 வயது.

#12 பல்லடம் ரோட்டுக்காரன், திருப்பூர்

அந்தக் கடைசிப் பதிவை வீட்டுக்காரிக்கும் படித்துக் காட்டினேன்.

நானும் ஒன்றைச் சொல்ல வேண்டும். சாயங்காலம் வந்து குதிக்கட்டும் என்று முன்னால் எழுதினேன். எழுதின பிறகுதான் யோசித்தேன். எங்கே குதிப்பான்? நாங்கள் இருப்பது லைன் வீடு, எட்டு வீட்டுக்கு ஒரே நடை. நடை முழுக்கப் பைக்கும் துணிக் கொடியும். ரோட்டில் டெம்போ போய்க்கொண்டே இருக்கும். ஐந்தரைக்கு வேனை விட்டு இறங்கினால் டியூஷன். ஏழரைக்கு வந்தால் செல்போன். ஞாயிற்றுக்கிழமை நான் தூங்குவேன். அவன் ஓடி நான் கடைசியாகப் பார்த்தது எங்கள் அப்பிச்சி (அம்மாவின் அப்பா) ஊரில், போன பொங்கலுக்கு.

நேற்று மாடிப்படியில் ஒவ்வொரு படிக்கும் ஒரு வார்த்தை எழுதி ஒட்டினேன். படித்துவிட்டு ஏற வேண்டும். பதினெட்டு படி. நாலு தடவை ஏறி இறங்கினான், மறுபடியும் எழுதச் சொல்கிறான். ஆனால் டீச்சர், கையெழுத்து விஷயத்தில் எனக்கு இன்னும் சமாதானம் ஆகவில்லை. அவன் எழுத்து கோணல் மாணலாக இருக்கிறது. அதற்கு உட்கார்ந்து எழுதித்தானே ஆக வேண்டும்?

#13 வாய்க்கால்கரை டீச்சர், கோபி பக்கம்

ஆமாங்க, எழுதித்தான் ஆக வேண்டும். அதில் மாற்றுக் கருத்தே இல்லை. நான் உட்கார்ந்து எழுதுவதைக் குறைக்கவில்லை. அதற்கு முன்னால் கொஞ்சம் சேர்க்கிறேன். தோளும் முதுகும் உறுதியில்லாத பிள்ளை டெஸ்க் மேல் சாய்ந்துதான் எழுதும், கை விறைத்துப்போகும், பென்சிலை நசுக்கிப் பிடிக்கும். உங்கள் பையன் எழுதும்போது இடது கை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தலையைத் தாங்கிக்கொண்டிருந்தால், அவனுக்குத் தொங்கவும் ஏறவும் தள்ளவும் நேரம் கொடுக்க வேண்டும். சுவரில் இரண்டு கையையும் ஊன்றித் தள்ளுவது, தினம் பத்து தடவை. வீட்டிலேயே செய்யலாம். கை நடுங்கினாலோ, எழுத்து தலைகீழாகவே வந்துகொண்டிருந்தாலோ டாக்டரிடமும் ஒரு தடவை காட்டிவிடுங்கள்.

பதினெட்டு படி என்றீர்களே, உயிர் பன்னிரண்டும் மெய் பதினெட்டும் நினைவுக்கு வருகிறது. மெய்யெழுத்து முழுக்க ஒரே மாடிப்படியில் அடங்கிவிடும்.

#14 சென்னிமலை கும்மி, ஈரோடு மாவட்டம்

நான் ஆசிரியர் இல்லை. எங்கள் ஊரில் வள்ளி கும்மி பழகிக்கொண்டிருக்கிறேன், மகளும் பழகுகிறாள். கொங்கு நாட்டில் ஊருக்கு ஊர் கும்மிக் குழு இருக்கிற இந்தக் காலத்தில் பள்ளிக்கூடம் ஏன் அதை எடுத்துக்கொள்ளவில்லை என்று எனக்கு ரொம்ப நாளாக ஆதங்கம்.

கும்மியில் அடி எண்ணாமல் ஆட முடியாது. முன்னால் எத்தனை அடி, எத்தனையாவது அடியில் திரும்பல், எங்கே குனிந்து தட்டல், எங்கே நிமிர்ந்து தட்டல் என்று எல்லாமே கணக்கு. மகளுக்கு மூன்றாம் வாய்ப்பாடு ஏறவில்லை. வாசலில் நின்று இரண்டு அடி வெறும் நடை, மூன்றாம் அடிக்குக் கும்மி என்று ஆட வைத்தேன். கை தட்டுகிற அடியின் எண்ணை மட்டும் சத்தமாகச் சொல்ல வேண்டும். மூணு, ஆறு, ஒம்பது, பன்னெண்டு. முப்பது வந்ததும் ஒரு சுற்று. நாலு நாளில் தூக்கத்தில் கூடச் சொன்னாள். எங்கள் ஆத்தா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது, 'இதையா படிப்புங்கறீங்க?' என்று சிரித்தது. அப்புறம் தானே எழுந்து வந்து வட்டத்தில் நின்றது.

ஒரு குறை சொல்ல வேண்டும். பல பள்ளிகளில் கும்மி வருவது ஆண்டு விழாவுக்கு மட்டும். மூன்று வாரம் மதியம் பூராவும் பழகுவார்கள். நன்றாக ஆடுகிற பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்துப் பட்டுப் பாவாடை கட்டி மேடையேற்றுவார்கள். மீதிப் பேர் கீழே உட்கார்ந்து கைதட்டுவார்கள். அசைவு யாருக்கு ரொம்பத் தேவையோ அந்தப் பிள்ளை கீழே உட்கார்ந்திருக்கும்.

#15 நாற்பத்தி நாலு பேர், திருப்பூர்

'சிலை' பழக்கிவிட்டேன். நாலு நாள் ஆனது. உள்ளங்கையில் இரண்டு விரல் தட்டும் பழகிவிட்டார்கள், மேடம் ஒரு தடவை வந்து எட்டிப் பார்த்தார்கள், ஒன்றும் சொல்லவில்லை. பைகளை மட்டும் சுவரோரம் வரிசையாக வைக்கச் சொன்னேன், அதிலேயே ஒரு அடி இடம் கிடைத்தது. பதினொரு மணிக்கு ஐந்து நிமிடம், இரண்டரைக்கு ஐந்து நிமிடம். பாத்ரூம் கேட்டு வருகிறவர்களை எண்ணி வைக்கிறேன். முன்பு காலையில் மட்டும் பதினேழு பதினெட்டு பேர் வருவார்கள். நேற்று ஆறு பேர்.

#16 அம்பராம்பாளையம் அம்மா, பொள்ளாச்சி

மகள் சொன்ன நடைகள்: தவளை, ஆனால் கைத் தவளை. கங்காரு வேண்டாமாம். பாம்பு. ரயில் பெட்டி, அதாவது முன்னால் இருப்பவர் தோளைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் ஒரே வேகத்தில். ரயில்பெட்டி ஏன் என்று கேட்டேன். அதில் யாரும் முந்திப் போக முடியாது, என்னை விட்டுட்டும் போக முடியாது என்றாள்.

#17 வாய்க்கால்கரை டீச்சர், கோபி பக்கம்

எல்லோருக்கும் நன்றி. பேச்சு தொடங்கி ஐந்து வாரம் ஆகிவிட்டது. நடந்ததைச் சொல்கிறேன்.

பெற்றோர் கூட்டத்தில் நான் எதையும் விளக்கவில்லை. தரையில் கோடு போட்டு வைத்து, வந்தவர்களைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டேன். 7ம் 5ம் 11 என்ற அந்தப் பையன்தான் அவனுடைய அப்பிச்சிக்குச் சொல்லிக்கொடுத்தான். 'நின்ன எடம் கணக்கு இல்லீங்க அப்பிச்சி, குதிச்சாத்தான் ஒண்ணு.' அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மெதுவாக 8இலிருந்து 14 வரை நடந்தார். கேட்டருகே நின்று பேசுகிறவர்கள் இப்போது உள்ளே வந்து பார்க்கிறார்கள்.

ரயில்பெட்டி எங்கள் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. இரண்டு இரண்டாக எண்ணுவதற்கு அதுதான். பாப்பாவிடம் சொல்லுங்கள்.

கூட்டுகிற அக்கா தினமும் சாயங்காலம் கோட்டை அழித்துவிடுவார். முதலில் வருத்தமாக இருந்தது. இப்போது காலையில் முதலில் வருகிற பிள்ளை போடுகிறது, கட்டம் ஒரே அளவாக வர வேண்டுமே என்று தன் பாதத்தை வைத்து அளந்து போடுகிறது. போன திங்கட்கிழமை கட்டம் பெரிதாகிவிட்டது, 20 வரும்போது அறை முடிந்துவிட்டது. அவர்களாகவே வாசற்படியைத் தாண்டி வராண்டாவில் 21 போட்டார்கள். வராண்டா 34இல் முடிந்தது. சாக்பீஸும் தீர்ந்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி குச்சி எடுத்துக்கொண்டு மண்ணில் இறங்கி 35 கீறினாள். நான் உள்ளே மற்றவர்களோடு இருந்தேன். எட்டிப் பார்த்தபோது வேப்பமரத்தைச் சுற்றித் திரும்பிக்கொண்டிருந்தார்கள், 61, 62 என்று கத்திக்கொண்டு.